எக்மோ, எல்வேட் நோயாளியைப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி: படுக்கையருகே தொடங்கும் முழு வழிகாட்டி

உடலுக்கு வெளியே நின்று ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ ஓடத் தொடங்கிய நேரம் எது? எளிய கேள்விதான். ஆனால் ஒரே படுக்கையைச் சுற்றி நான்கு கடிகாரங்கள் இருக்கும். சுவரில் ஒன்று, மானிட்டரில் ஒன்று, எக்மோ கன்சோலில் ஒன்று, ரத்த வாயுப் பரிசோதனை இயந்திரத்தில் ஒன்று. நான்கும் ஒரே நேரத்தைக் காட்டுவது அபூர்வம். பத்து நிமிடம் முன்பின் ஆனாலே போதும், எக்மோவுக்குப் பின் எடுத்த ரத்த மாதிரி முன்பு எடுத்ததாகக் காகிதத்தில் ஏறிவிடும். ஆக்சிஜன் அழுத்தம் 52 என்று இருக்க வேண்டிய கட்டத்தில் 240 வந்து உட்காரும். இவ்வளவு நன்றாக ஆக்சிஜன் ஏறிய ஆளுக்கு எதற்கு எக்மோ என்று பின்னால் அந்தத் தரவைப் படிப்பவர் குழம்புவார். அதை வைத்துக் கணக்கிடும் அபாய மதிப்பெண்ணும் பொய்யாகும்.

பல மருத்துவமனைகளின் நோயாளித் தரவை ஒன்றாகச் சேர்ப்பதுதான் பதிவேடு. அதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கணினித் திரையில் நேர்வதில்லை, படுக்கையருகே நேர்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியை எக்மோ போன்ற இயந்திரங்களை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுகள், ஐசியூ செவிலியர்கள், தரவுப் பணியாளர்கள், முதுநிலை மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எந்தப் பதிவேடுகள்

எல்வேட் என்பது இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் தள்ளும் பம்ப். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடலுக்குள்ளேயே ஓடும். மின்சாரம் தரும் ஒயர் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும், அதுதான் டிரைவ்லைன். எக்மோ, உடலுக்கு வெளியே நின்று நுரையீரலின் வேலையையோ இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையுமோ சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு ஏற்றுக்கொள்வது. தமிழ்நாட்டு வீடுகளில் 'எக்மோ' என்ற சொல் புழங்கத் தொடங்கியது 2016 டிசம்பரில், ஜெயலலிதாவின் கடைசி நாட்களில். 2020ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் இருந்த வாரங்களில் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது.

எல்வேட் பதிவேடுகளுக்கு முன்மாதிரி அமெரிக்காவின் இண்டர்மேக்ஸ். 2005ல் அந்நாட்டுத் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் நிதியில் அமைந்தது. மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவும், மெடிகேர் காப்பீட்டை நடத்தும் அமைப்பும் கூட்டுச் சேர்ந்தன. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் தரவு மையமானது. 2006 ஜூனில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கி, 2012ல் குழந்தைகளுக்கெனப் பீடிமேக்ஸ் என்ற கிளையைத் திறந்தது. 2018 முதல் அமெரிக்க நெஞ்சறுவை மருத்துவர் சங்கமான எஸ்டிஎஸ் இதை நடத்துகிறது. ஜப்பானுக்கு ஜே-மேக்ஸ், ஐரோப்பாவுக்கு யூரோமேக்ஸ்.

எக்மோவுக்கு எல்சோ. 1989ல் உருவானது, தலைமையிடம் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர். இது ஒரு நாட்டுக்கு உரிய பதிவேடு அல்ல. உலகெங்கும் உள்ள உறுப்பு மருத்துவமனைகள் ஒரே படிவத்தில் எழுதுகின்றன. இந்திய மருத்துவமனைகளும் இதில் உண்டு.

ஒரு மருத்துவமனையின் கண்ணுக்கு ஏன் தெரியாது

2011 மார்ச் வாக்கில் ஹார்ட்மேட் 2 என்ற எல்வேட் பம்புகளுக்குள் ரத்தம் உறைவது கூடத் தொடங்கியது. மூன்று பெரிய அமெரிக்க மருத்துவமனைகள் தங்களிடமிருந்த 837 நோயாளிகளின் 895 பம்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தன. பொருத்திய 3 மாதத்துக்குள் உறைவது 2.2 சதவீதமாக இருந்தது, 2013 ஜனவரிக்குள் 8.4 சதவீதமாகியிருந்தது. உறைவு உறுதியாகி, பம்பை மாற்றவோ இதய மாற்று செய்யவோ முடியாமல் போனவர்களில் 6 மாதத்துக்குள் இறந்தவர்கள் 48.2 சதவீதம். இண்டர்மேக்ஸ் தன் தேசியத் தரவைத் திறந்து பார்த்தபோது அங்கும் அதே போக்கு. உறைவால் பம்ப் மாற்றமோ இறப்போ இல்லாமல் 6 மாதத்தைக் கடந்தவர்கள் 2009ல் 99 சதவீதம், 2012ல் 94.

ஆண்டுக்கு 20 பம்ப் பொருத்தும் மையம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 5 சதவீத உயர்வு என்றால் அங்கே கூடுதலாக ஒரே ஒரு நோயாளி. அவருக்கு நேர்ந்ததைத் துரதிர்ஷ்டம் என்றுதான் அந்த மையம் நினைக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களின் 'ஒரே ஒரு நோயாளி'கள் ஒரே பட்டியலில் சேரும்போதுதான் அது கருவியின், பராமரிப்பின் பிரச்சினை என்று புரியும். பின்பு பம்பின் வேகத்தை நிமிடத்துக்கு 9000 சுழற்சிக்கு மேல் வைப்பது, ரத்தம் உறையும் தன்மையை அளக்கும் ஐஎன்ஆரை 2.0 முதல் 2.5க்குள் பிடிப்பது, அறுவைக்குப் பின் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினைத் தாமதிக்காமல் தொடங்குவது என ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தபோது 3 மாத உறைவு 2.9 சதவீதத்துக்கு இறங்கியது.

படி 1: ஒருவரையும் விடாதீர்கள்

தவறாக நிரப்பிய படிவத்தைத் திருத்திவிடலாம். பதியாமலே போன நோயாளியை யாரும் தேட மாட்டார்கள். அப்படி விடுபடுபவர்கள் பெரும்பாலும் நள்ளிரவில் எக்மோ ஏறி விடியுமுன் இறந்தவர்கள். அவர்கள் கணக்கில் வராத மையத்தின் பிழைப்பு விகிதம் அழகாகத் தெரியும், ஆனால் அது பொய்.

இதற்கு ஒரே மருந்து மாதாந்திர ஒத்துப்பார்ப்பு. மாதக் கடைசி நாளில் மூன்று பட்டியல்களை எடுங்கள்: ஸ்டோரிலிருந்து வெளியே போன எக்மோ பாகங்களான ஆக்சிஜனேட்டர்களும் பம்ப் ஹெட்களும் எத்தனை என்ற கணக்கு ஒன்று, பெர்ஃபியூஷன் நோட்டு ஒன்று, பதிவேட்டில் ஏறிய பெயர்கள் ஒன்று. ஸ்டோர் கணக்கில் 7 செட், பதிவேட்டில் 5 பேர் என்றால், ஒருவருக்குச் சுற்று, அதாவது ரத்தம் ஓடும் குழாய்த் தொகுதி, மாற்றியதா, பிரித்துவிட்டுப் பயன்படுத்தாமல் போனதா, இல்லை ஆள் விட்டுப்போனதா என்று அன்றே விசாரியுங்கள். ஸ்டோர் பட்டியல் பொய் சொல்லாது, ஏனென்றால் அதன் பின்னால் பில் இருக்கிறது.

படி 2: நேரமும் அலகும்

எக்மோவின் தொடக்க நேரம், ரத்தம் சுற்றில் ஓடத் தொடங்கிய நேரம். ரத்தக்குழாய்க்குள் செருகும் கேனுலாவைப் போடக் கத்தி எடுத்த நேரமல்ல, கன்சோலை ஆன் செய்த நேரமும் அல்ல. கிளாம்ப் திறந்து ஓட்டம் வந்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருவர் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். எந்தக் கடிகாரம் என்பதை யூனிட் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். மானிட்டரின் கடிகாரம் நல்லது. மற்றவற்றை வாரம் ஒருமுறை அதற்கு ஒத்து வையுங்கள்.

எக்மோவுக்கு முந்தைய ரத்த வாயு மதிப்பாக எல்சோ கேட்பது, தொடங்குவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் எடுத்தவற்றில் தொடக்கத்துக்கு மிக அருகில் உள்ளது. பலர் அந்த 6 மணி நேரத்தில் ஆக மோசமான மதிப்பைத் தேடி எழுதுகிறார்கள். நோயாளியின் தீவிரத்தைக் காட்டும் நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் தவறு. 24 மணி நேர மதிப்புக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு: 18ஆம் மணிக்கும் 30ஆம் மணிக்கும் இடையில், 24க்கு அருகில் உள்ள மாதிரி. அந்த இடைவெளியில் மாதிரி இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அலகுகள் ஓசையில்லாமல் கெடுப்பவை. கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல். லாக்டேட் லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம். ஒரு கிலோபாஸ்கல் 7.5 மில்லிமீட்டர் பாதரசம். புதிய இயந்திரம் வாங்கினாலோ ஆய்வகம் மாறினாலோ முதல் பத்து நோயாளிகளின் மதிப்புகளைக் கையால் சரிபாருங்கள். லாக்டேட் 36 என்று வந்தால் அது பெரும்பாலும் 4 மில்லிமோல்தான்.

படி 3: எந்த வகை எக்மோ

சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே அனுப்பினால் விவி, தமனிக்கு அனுப்பினால் விஏ. இதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் இசிபிஆரில், அதாவது இதயம் நின்று, நெஞ்சை அழுத்தும் சிபிஆர் நடக்கும்போதே எக்மோ ஏற்றுவதில். இதயத் துடிப்பு திரும்பி, அழுத்தம் கொடுக்கத் தேவையில்லாமல் 20 நிமிடம் நிலைத்த பிறகு எக்மோ ஏறினால் அது இசிபிஆர் அல்ல, இதய ஆதரவு வகை. 12 நிமிடம் துடித்து மறுபடி நின்று, அழுத்திக்கொண்டே ஓட்டம் தொடங்கினால் அது இசிபிஆர். இந்த இரு கூட்டத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வேறுபாடு இருப்பதால், கலந்துவிட்டால் இரண்டு புள்ளிவிவரமும் வீண். எனவே சிபிஆர் குறிப்பில் கடைசி முறை அழுத்தம் நிறுத்திய நேரம் கட்டாயம் வேண்டும்.

ஆக்சிஜனேட்டரை மாற்றினாலோ முழுச் சுற்றையே மாற்றினாலோ அது அதே எக்மோ ஓட்டத்தின் தொடர்ச்சி, புதுப் பதிவு அல்ல. விவியில் தொடங்கி விஏவுக்கு மாறினாலும் அப்படியே, மாற்றிய நேரத்தை மட்டும் சேர்க்க வேண்டும். கேனுலாவை எடுத்துவிட்டு, பிறகு மறுபடி ஏற்ற நேர்ந்தால்தான் இரண்டாவது ஓட்டம்.

படி 4: எல்வேடுக்கு முந்தைய நிலை

இண்டர்மேக்ஸ் உலகுக்குத் தந்தவற்றில் அதிகம் புழங்குவது அதன் 1 முதல் 7 வரையிலான நிலைகள். 1, ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் கெட்டுக்கொண்டிருக்கும் அதிர்ச்சி நிலை. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியவர். 2, இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும் ஐநோட்ரோப் மருந்து ஓடியும் நாளுக்கு நாள் சரிகிறவர். 3, அந்த மருந்தில் நிலையாக இருக்கிறார், ஆனால் நிறுத்த முடியவில்லை. 4, வீட்டில் இருக்கிறார், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. 5, உட்கார்ந்திருந்தால் சுகம், எழுந்து நடமாட முடியாது. 6, சிறிது நடப்பார், சில நிமிடத்தில் களைத்துவிடுவார். 7, ஓரளவு நன்றாகவே நடமாடுபவர்.

எழுத வேண்டியது பம்ப் பொருத்துவதற்குச் சற்று முந்தைய நிலையை. அனுமதியான அன்று 1ஆக இருந்து, பத்து நாள் மருந்தில் தேறி 3ஆனவரை 1 என்று எழுதினால், உங்கள் மையம் மரண வாசலில் இருந்தவர்களுக்குப் பம்ப் வைத்து அற்புதம் செய்வதுபோலத் தோன்றும். நிலை எண்ணை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் தனித்தனியே குறித்து, வேறுபட்டால் பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம்.

எண்ணோடு மூன்று துணைக்குறிகள் உண்டு. தாளக்கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் ஒன்று. இது எந்த நிலைக்கும் பொருந்தும். எக்மோ போன்ற தற்காலிக ஆதரவு இருந்தால் ஒன்று. இது மருத்துவமனையில் இருக்கும் 1, 2, 3க்கு மட்டும். அடிக்கடி மருத்துவமனைக்கு வந்துபோகிறவர் என்பது மூன்றாவது: கடந்த 3 மாதத்தில் இருமுறையோ 6 மாதத்தில் மும்முறையோ நீர் இறக்கவோ ஐநோட்ரோப் ஏற்றவோ வந்திருக்க வேண்டும்.

படி 5: வரிசை எண்

2021 ஜூன் 3 அன்று மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ரானிக் தன் ஹெச்வேட் என்ற எல்வேட் பம்பின் விற்பனையை நிறுத்தியது. மற்ற பம்புகளோடு ஒப்பிட்டால் பக்கவாதமும் இறப்பும் அதிகம், நின்ற பம்ப் மீண்டும் ஓடத் தாமதிக்கிறது அல்லது ஓடுவதே இல்லை என்பவை காரணங்கள். அப்போது உலகில் சுமார் 4000 பேர் அந்தப் பம்போடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் உங்கள் மையத்தில் பொருத்தியவர்கள் யார், பம்ப் எண் என்ன, இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு மணி நேரத்தில் விடை தர முடிகிறதா என்பதே பதிவேட்டுக்கான உண்மையான சோதனை.

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பிரித்து ஒன்றை அறுவைக் குறிப்பிலும் ஒன்றைப் பதிவேட்டுக் கோப்பிலும் ஒட்டுங்கள். பம்புக்கு ஒன்று, உடலுக்கு வெளியே இருந்து அதை இயக்கும் கன்ட்ரோலருக்கு ஒன்று. கன்ட்ரோலரை அவசரத்தில் மாற்றும்போது புது எண்ணை எழுத மறப்பது வெகு சாதாரணம். எக்மோவில் ஆக்சிஜனேட்டரின் மாடலோடு லாட் எண்ணும், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணும் வேண்டும். விரிசலோ கசிவோ வந்தால் அதே லாட்டில் மீதமுள்ளவற்றை எடுத்துத் தனியே வைக்க அது ஒன்றே வழி.

படி 6: சிக்கல்களின் வரையறை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'ரத்தக்கசிவு இருந்தது' என்று எழுதினால் பயனில்லை. பதிவேட்டின் வரையறைக்குள் அடங்கினால்தான் அது ஒரு நிகழ்வு.

இண்டர்மேக்ஸில் பெரிய ரத்தக்கசிவு என்பது இறப்புக்கோ, மறு அறுவைக்கோ, மருத்துவமனை அனுமதிக்கோ, ரத்தம் ஏற்றுவதற்கோ காரணமான கசிவு. ரத்தம் ஏற்றுவதற்கு அளவு உண்டு. பம்ப் பொருத்திய முதல் 7 நாட்களில் 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு எந்த 24 மணி நேரத்திலாவது 4 யூனிட் சிவப்பணு. 7 நாளுக்குப் பின் ஒரு யூனிட் ஏற்றினாலும் கணக்கு. 'எந்த 24 மணி நேரத்திலாவது' என்பதைக் கவனியுங்கள். திங்கள் மாலை 6 மணிக்கு இரண்டு, செவ்வாய் காலை 10 மணிக்கு இரண்டு ஏற்றினால் அது 4 யூனிட். நாள் வாரியாகக் கூட்டுபவர் இரண்டு இரண்டாகப் பார்த்துவிட்டு நிகழ்வு இல்லை என்று எழுதிவிடுவார். ரத்த வங்கியிலிருந்து வெளிவந்த எண்ணிக்கையை நம்பாதீர்கள், திருப்பி அனுப்பியவையும் அதில் இருக்கும். ஏற்றிய நேரத்தைச் செவிலியர் சார்ட்டிலிருந்து எடுங்கள்.

சிவப்பணுச் சிதைவைப் பாருங்கள். பொருத்தி 72 மணி நேரம் கழிந்த பிறகு பிளாஸ்மாவில் தனி ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், அல்லது செல்கள் உடையும்போது ரத்தத்தில் கூடும் நொதியான எல்டிஎச் இயல்பின் மேல் எல்லையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். அறிகுறி இல்லையென்றால் சிறியது. சிறுநீர் கோலா நிறத்தில் போவது, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, பம்ப் கோளாறு ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் பெரியது. எல்சோவின் எல்லையோ 50 மில்லிகிராமில் தொடங்குகிறது. ஒரு மையம் இரண்டுக்கும் எழுதும்போது இரண்டு எல்லைகளையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்த மாதிரியில் சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்து எல்டிஎச், பொட்டாசியம் இரண்டும் ஏறும். எனவே எழுதுமுன் ஒருமுறை மறு மாதிரி எடுங்கள். ஆனால் உண்மையான உயர்வை இதைச் சொல்லித் தள்ளிவிடக் கூடாது. மேலே சொன்ன மூன்று மருத்துவமனை ஆய்வில், உறைவு உறுதியாவதற்கு முந்தைய வாரங்களில் எல்டிஎச் 540லிருந்து 1490க்கு ஏறியிருந்தது.

வலது இதயச் செயலிழப்பில் நாள் கணக்குதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஐநோட்ரோப்போ நைட்ரிக் ஆக்சைடோ 7ஆம் நாளைத் தாண்டாவிட்டால் லேசானது, 14ஆம் நாளைத் தாண்டாவிட்டால் நடுத்தரம், அதற்கும் மேல் போனால் கடுமை. வலப்பக்கத்துக்கும் பம்ப் தேவைப்பட்டால் உடனடிக் கடுமை. எனவே மருந்து தொடங்கிய தேதியைவிட நிறுத்திய தேதி முக்கியம். படிவங்களில் காலியாக இருப்பதும் அந்தக் கட்டம்தான்.

ரத்த அழுத்தத்துக்கும் ஒரு சொல். தொடர் ஓட்டப் பம்ப் உள்ளவருக்கு நாடி பெரும்பாலும் தட்டுப்படாது, தானியங்கிக் கருவி பல முறை தோற்கும். ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியைக் கையில் வைத்து, பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது முதல் ஓசை கேட்கும் அழுத்தத்தை எடுக்க வேண்டும். அது டாப்ளர் அழுத்தம். அதை சிஸ்டாலிக் கட்டத்தில் எழுதாதீர்கள். 84 என்ற டாப்ளர் மதிப்பு நல்ல கட்டுப்பாடு, 84 என்ற சிஸ்டாலிக்கோ தாழ்வு அழுத்தம்.

படி 7: பின்தொடர்தல்

எக்மோ பதிவு நோயாளி வீடு திரும்பியதோடு, அல்லது இறந்ததோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் 'மாற்றம்' என்றே எழுத வேண்டும்.

எல்வேட் பதிவு முடியாது. 1 வாரம், 1 மாதம், 3 மாதம், 6 மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றிலும் பம்பின் வேகம், ஓட்டம், மின்னாற்றல், ரத்தப் பரிசோதனை, மருந்துகள். அதோடு 6 நிமிட நடை, வாழ்க்கைத்தர வினாத்தாள். நடைப் பரிசோதனை நடக்கவில்லையென்றால் ஏன் என்று பதிவேடு கேட்கும். நடக்க முடியாத அளவு நோயாளி சோர்ந்திருந்ததும், பரிசோதிக்க ஆள் இல்லாததும் ஒன்றல்ல. இரண்டையும் 'செய்யவில்லை' என்று ஒரே சொல்லில் அடைத்தால், நடந்தவர்களின் தூரம் மட்டும் சராசரியில் நின்று எல்லாரும் நலம் என்று காட்டும்.

முடிவு நான்கில் ஒன்று: பம்போடு உயிருடன் இருக்கிறார், இதய மாற்று ஆயிற்று, இதயம் தேறிப் பம்ப் எடுக்கப்பட்டது, இறந்தார். நான்கும் சேர்ந்து எந்த மாதத்திலும் 100 சதவீதம் வர வேண்டும். வரவில்லையென்றால் யாரோ தொலைந்திருக்கிறார்.

படி 8: கருவி பழுதானால்

பதிவேட்டில் எழுதிவிட்டால் புகார் செய்துவிட்டதாக ஆகாது. அமெரிக்காவில் கருவியால் இறப்பு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் மருத்துவமனை 10 வேலை நாட்களுக்குள் எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 2015 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தின் தேசிய மையம் காசியாபாத்தில், இந்திய மருந்தியல் ஆணையத்தில் இருக்கிறது. பம்ப் நின்றாலோ, கன்ட்ரோலர் செத்தாலோ, ஆக்சிஜனேட்டர் ஒழுகினாலோ அங்கே தனியாக அறிக்கை போக வேண்டும்.

பழுதான பாகத்தைக் கழிவுத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். இரவுப் பணியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சுற்றுகள் மாறுவது பெரும்பாலும் இரவில். பாகத்தை உயிரியல் அபாயப் பையில் இட்டு, இரட்டைப் பையாகக் கட்டி, நோயாளி எண், லாட் எண், கழற்றிய நேரம் மூன்றையும் வெளியே எழுதி, பூட்டுள்ள அறையில் வையுங்கள். கன்சோலின் அலாரப் பதிவை இயந்திரத்தை அணைக்கும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த நோயாளிக்கு அதே கன்சோல் ஓடத் தொடங்கினால் பழைய அலாரங்கள் அழிந்துபோக வாய்ப்புண்டு.